செவந்தியின் குரல்

நெட்டூரான் குளத்தின் கரையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு நாற்பது வயது இருக்கும். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. உங்களுக்குச் சிரிப்பு வருகிறதல்லவா, ஊருக்கும் வந்தது. "தாத்தா தண்ணி சுமக்கிறாரு, மக வயசுல இருக்கிற அம்மா உக்காந்து புத்தி சொல்றாங்க" என்று துறையில் குளிக்க வருகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அந்த அம்மா யாருக்கும் புத்தி சொன்னதில்லை என்பது வேறு சங்கதி.

குருவின் பெயர் உலகம்மை. ஒரு மடத்தில் இருந்து படித்தவர். மடத்துக்காரர்களுக்குப் பிடிக்காத கேள்விகளாகப் பார்த்துக் கேட்டதில் அவர்களுக்கும் சலித்துப்போய், இவருக்கும் சலித்துப்போய், ஒரு துணி மூட்டையோடு கிளம்பி வந்து இங்கே குடிசை போட்டுக்கொண்டார். ஊர்க்காரர்கள் கரையம்மா என்று கூப்பிட்டார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாத பழக்கம் மட்டும் அவரிடம் உண்டு.

சீடரின் பெயர் மாடக்கண்ணு. வாத்து பிடிக்கிறவர். பிடித்தவர் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் போன பங்குனியோடு வலையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

அந்தக் குளத்துக்கு வரிவாத்துகள் வரும். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு. மழைக்காலம் முடிகிற சமயத்தில் இமயத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்து, நம் வயல்களில் தின்று கொழுத்து, மாசி பங்குனியில் வெயில் ஏறியதும் வடக்கே திரும்பிவிடும். போகிற நேரத்தில்தான் வாத்து நல்ல கனம் இருக்கும். தெற்கே உள்ள குளங்களிலிருந்து கிளம்புகிற கூட்டங்களும் இங்கே இறங்கி இளைப்பாறிவிட்டுத்தான் மேலே போகும். வேடர்கள் வருஷம் பூராவும் காத்திருப்பது அதற்காகத்தான்.

பிடிக்கிற விதம் இதுதான். கரையோரம் கோரைத்தட்டியால் ஒரு மறைப்புக் கட்டுவார்கள். உள்ளே ஒரு ஆள் குந்தி உட்காரலாம், அவ்வளவுதான் இடம். முன்னால் தண்ணீரோரம் வலை விரித்து, பக்கத்தில் பழக்கின வாத்து ஒன்றைக் காலில் கயிறு கட்டி விட்டுவிடுவார்கள். அதற்குப் பார்வை என்று பெயர். மேலே கூட்டம் போனால் பார்வை வாத்து கூப்பிடும். நம்மாள் ஒருத்தி கீழே நிம்மதியாக மேய்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் இறங்கும். மறைப்புக்குள் இருப்பவர் வலைக்கயிற்றை இழுப்பார்.

மாடக்கண்ணு வைத்திருந்த பார்வைக்குச் செவந்தி என்று பெயர். மூக்கும் காலும் செவந்திப்பூ நிறம். இளசாக வலையில் சிக்கி, இறக்கை பிசகிக் கையில் கிடைத்தவள். மஞ்சள் பற்றுப் போட்டுக் காப்பாற்றினார். அவளை அவர் 'அது' என்று சொன்னதே இல்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

போன பங்குனியில் ஒரு வாத்து வலைக்குள் கிடந்து துடித்தது. செவந்தி கயிறு எட்டுகிற மட்டும் கிட்டே போனாள். வலைக்கு மேலேயே மூக்கை விட்டு, அதன் கழுத்து இறகைக் கோதிக்கொடுத்தாள். அது கொஞ்சம் அடங்கியது. மாடக்கண்ணு வந்தார், கழுத்தைத் திருகினார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். செவந்தி அவரிடமும் வந்தாள். அவர் தலைமுடியையும் அதே மாதிரி கோதிக்கொடுத்தாள்.

மனுஷன் இடிந்துபோனார். அன்றைக்கே வலையைச் சுருட்டினார். செவந்தியின் கால் கயிற்றை அறுத்தெறிந்தார். வருஷா வருஷம் புது இறகு முளைத்ததும் ஒரு பக்கத்தைக் கத்தரித்துவிடுவது வழக்கம். அந்த வருஷம் கத்தரியைத் தொடவே இல்லை. வேட்டை இல்லாமல் பொழுது போக வழி தெரியாமல், கரையம்மாவின் குடிசைக்கு வந்து வாசலில் நின்றார்.

"என்னையும் வச்சுக்குங்க அம்மா."

"தண்ணி எடுக்க ஆள் வேணும் பெரியவரே."

சீடரானது அப்படித்தான்.

ஆவணியில் செவந்திக்கு இறகு நீண்டது. ஆனால் பறப்பதே மறந்துபோனவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? வற்றிக் கிடந்த குளத்துத் தரையில் மாடக்கண்ணு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுவார். பின்னாலேயே அவள் இறக்கையை அடித்துக்கொண்டு ஓடுவாள். கரையில் நின்று ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். தை பிறப்பதற்குள் அவள் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் காலடியில் வந்து இறங்கினாள்.

பறக்க வந்துவிட்டது. போகத்தான் தெரியவில்லை. இத்தனை வருஷமும் கூட்டத்தைக் கூப்பிட்டே பழகியவள், கூட்டத்தைத் தேடிப் போனதில்லை. அவ்வளவு தூரம் தனியாகப் போகவும் முடியாது. வழி தெரிந்த கூட்டம் ஒன்று கிட்டே இறங்கி அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு கெடு வேறு. வேட்டையை விட்டவன் பார்வையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, வலை போடுகிற இன்னொருவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது வேடர்களுக்குள் இருக்கிற முறை. நல்ல பார்வை கிடைப்பது அவ்வளவு அருமை. மாடக்கண்ணுவின் மைத்துனர் பேச்சிமுத்து பக்கத்து ஊர்க் குளத்தில் வலை போடுகிறவர். அவர் வந்து நயமாகத்தான் சொன்னார்.

"மச்சான், பங்குனி உத்திரம் வரைக்கும் பொறுக்கிறேன். அதுக்குள்ள பறந்து போயிட்டா அவ பாடு. போகலைன்னா கூண்டோட எடுத்துக்கிட்டுப் போவேன். கோவிச்சுக்கக் கூடாது."

நியாயமான பேச்சு. மாடக்கண்ணு தலையை ஆட்டினார். மறுபடியும் காலில் கயிறு, மறுபடியும் இறக்கையில் கத்தரி என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

பங்குனி பிறந்தது. தெற்கிலிருந்து கூட்டங்கள் வர ஆரம்பித்தன. ஆளைக் கண்டு கூட்டம் மிரளக் கூடாது என்று மாடக்கண்ணு விடிவதற்குள் போய், வலை விரிக்காமல் மறைப்புக்குள் உட்கார்ந்துகொள்வார். செவந்தி தண்ணீரோரம் நிற்பாள், மேலே பார்த்துக் கூப்பிடுவாள். கூட்டம் தாழ வரும், ஒரு வட்டம் போடும், சட்டென்று விலகித் தூரத்து வயல் பக்கம் போய்விடும். தினமும் இதே கதை.

ஒரு நாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவர் கேட்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பெரியவரே."

"கூப்பிட்டது அவ. கொன்னது நான். அவ குரலை நம்பித்தான் எல்லாம் இறங்குச்சு. எனக்கு வர்றது வரட்டும், அதைப் பத்திக் கவலையில்லை. அவளுக்குப் பாவம் ஒட்டுமா?"

உலகம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தார்.

"இன்னைக்குக் கூட்டம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"இறங்குச்சா?"

"இறங்கலை அம்மா. அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு மூணு வருஷமாவே சரியா இறங்குறதில்லை. தப்பிச்சுப் போனதுங்க மத்ததுங்ககிட்ட சொல்லியிருக்கும். இந்தக் குரலை நம்பாதீங்க, இதுல சாவு இருக்குன்னு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்ல குரல் அம்மா. நான் கெடுத்துட்டேன்."

"நாளைக்கு நானும் வரேன்" என்றார் உலகம்மை.

கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே? மாடக்கண்ணு குடத்தை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் இருவரும் மறைப்புக்குள் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். முட்டியோடு முட்டி இடித்தது. கோரை முகத்தில் குத்தியது. உலகம்மைக்குத் தும்மல் வந்தது.

"பெரியவரே..."

"உஷ்!"

சொல்லிவிட்டு மாடக்கண்ணு நாக்கைக் கடித்துக்கொண்டார். குருவையே உஷ் என்று அடக்கிய சீடர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். உலகம்மை கோபித்துக்கொள்ளவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தக் கரையில மாடு மேயுது. துறையில ஜனங்க குளிக்கிறாங்க. இந்த மூலையில மட்டும் ஒரு ஈ காக்கையைக் காணோமே?"

"நான்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் மாடக்கண்ணு கொஞ்சம் பெருமையாகவே. "மறைப்பு நிக்கிற பக்கம் யாரும் வரக் கூடாது. ஆடு மாட்டைக்கூட ஓட்டிவிட மாட்டாங்க. எங்க அப்பன் காலத்துலேருந்து அதான் வழக்கம்."

"வலைதான் இல்லையே?"

"வலை இல்லாட்டி என்ன அம்மா? காத்திருக்கிறதுக்குன்னு ஒரு முறை இருக்குல்ல."

உலகம்மை வாயைத் திறந்தார். அப்போது மேலே சத்தம் கேட்டது.

ஒரு கூட்டம் வந்தது. செவந்தி கழுத்தை நீட்டிக் கூப்பிட்டாள். கூட்டத்திலிருந்து பதில் வந்தது. தாழ்ந்து, இன்னும் தாழ்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்குகிற மாதிரி வந்தது. மாடக்கண்ணு மூச்சை அடக்கிக்கொண்டு உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். மறைப்புக்கு மேலே வந்ததும் முன்னால் வந்த வாத்து ஒரு கத்துக் கத்தியது. மொத்தக் கூட்டமும் இறக்கையை அடித்துக்கொண்டு மேலே போய்விட்டது.

செவந்தி கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நிறுத்திக்கொண்டு மறைப்புப் பக்கம் நடந்து வந்தாள்.

"பாத்தீங்களா அம்மா?" என்றார் மாடக்கண்ணு. அழுதுவிட்டார்.

"பாத்தேன்" என்றார் உலகம்மை. தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

உத்திரத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதே பேச்சிமுத்துவின் கூண்டு வந்துவிட்டது. புது மூங்கில், அழகாகப் பின்னியிருந்தது. குடிசை வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாடக்கண்ணு அதைப் பார்க்காமல் தாண்டி மறைப்புக்குப் போனார். தெற்கிலிருந்து இனி வரக்கூடிய கூட்டங்கள் கொஞ்சந்தான் என்று அவருக்குத் தெரியும்.

வெயில் ஏறிய நேரம். பொத்தென்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு பொத்து.

கோரை இடுக்கு வழியாகப் பார்த்தார். மறைப்புக்கு நேர் முன்னால், முழங்கால் தண்ணீரில், உலகம்மை ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தார். இருக்கிற சேலை, போர்வை, சாக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொண்டு வந்திருந்தார்.

"அம்மா!" என்றார் மாடக்கண்ணு மறைப்புக்குள்ளிருந்து ரகசியக் குரலில். "என்ன பண்றீங்க?"

"துணி துவைக்கிறேன்."

"துறை அங்கல்ல இருக்கு!"

"அங்க ஒரே கூட்டம். கல்லு கிடைக்கலை."

"அம்மா, உங்க கால்ல விழுறேன், போயிடுங்க. இன்னைக்கு விட்டா அப்புறம் இல்லை."

"என்னது? காதுல விழலை. இங்க வந்து சொல்லுங்க."

பொத்து, பொத்து.

மாடக்கண்ணுவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம். தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். வேட்டி நனைய நனையத் தண்ணீருக்குள் இறங்கிக் குருவின் முன்னால் போய் நின்றார்.

"நீங்கல்லாம் ஒரு குருவா? குடம் குடமாத் தண்ணி சுமந்தேனே, கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொன்னீங்களா? சரி, பதில்தான் சொல்லலை, கெடுக்காமலாவது இருக்கக் கூடாதா? அந்தக் கூண்டைப் பாத்தீங்களா இல்லையா? நாளைக்கழிச்சு அவளை அதுல அடைச்சுக் கொண்டுபோவான். நான் பாத்துக்கிட்டு நிக்கணும். உங்களுக்கு என்ன, நீங்க அழுக்குச் சாக்கைத் துவைச்சுக்கிட்டு..."

செவந்தி கூப்பிட்டாள்.

தலைக்கு மேலே கூட்டம் வந்துகொண்டிருந்தது. மாடக்கண்ணுவின் உடம்பு தானாகவே குனிந்தது. வாழ்நாள் பூராவும் செய்து பழகிய காரியம் அல்லவா, வாத்துச் சத்தம் கேட்டதுமே கால் மடங்கிவிட்டது.

"குந்தாதீங்க!" என்றார் உலகம்மை, துவைப்பதை நிறுத்தாமலே. "நிமிர்ந்து நில்லுங்க. திட்டிக்கிட்டிருந்தீங்களே, அதை ஏன் நிறுத்திட்டீங்க?"

"அம்மா, கூட்டம்..."

"தெரியுது. திட்டுங்க பெரியவரே. நல்லா சத்தமாத் திட்டுங்க."

அவர் நிமிர்ந்தார். திட்டினார். என்ன சொல்லித் திட்டினார் என்று பிறகு கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கல் நெஞ்சுக்காரி என்றார், மடத்தில் துரத்தியது சரிதான் என்றார், உப்புப் போட்டு ஒரு நாளாவது கஞ்சி காய்ச்சியதுண்டா என்றார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே இறக்கைக் காற்று அடித்தது. நிமிர்ந்து பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. கஞ்சியைப் பற்றியே மேலும் மேலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சளக், சளக், சளக்கென்று தண்ணீரில் சத்தம் கேட்டது.

கூட்டம் இறங்கிவிட்டது. இரண்டு தென்னை நீளம்கூட இருக்காது. சில வாத்துகள் கழுத்தை நீட்டி அந்தக் கிழவரையும் துணி துவைக்கிற அம்மாவையும் பார்த்தன. தெற்கே எத்தனையோ குளத்தில் இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தவைதான். பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தன.

செவந்தி மெதுவாக அந்தப் பக்கம் நீந்திப் போனாள். பெரிய வாத்து ஒன்று அவளுக்கு எதிரே வந்து தலையை ஆட்டியது. அவளும் ஆட்டினாள். அவ்வளவுதான் விசாரணை. கூட்டத்துக்கு நடுவில் அவள் எங்கே என்று மாடக்கண்ணுவுக்கே கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டது.

"அம்மா" என்றார் அவர். "அவ குரலை மறுபடி நம்பிட்டாங்களா?"

உலகம்மை போர்வையைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்.

"அவ குரலை அதுங்க எப்ப சந்தேகப்பட்டுச்சு?"

மாடக்கண்ணு திரும்பி மறைப்பைப் பார்த்தார். ஒளிந்து உட்கார்ந்தபோதெல்லாம் விலகிப் போனவை, வெளியே நின்று கத்தியதும் இறங்கியிருந்தன. ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் அது ஒன்றுதான் நின்றுகொண்டிருந்தது.

"இந்த முனையைப் பிடிங்க" என்றார் உலகம்மை. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் போர்வையைப் பிழிந்தார்கள்.

அன்று சாயங்காலம் செவந்தி குடிசைக்கு வந்தாள். மாடக்கண்ணுவின் உள்ளங்கையிலிருந்து நெல் தின்றாள். தின்றுவிட்டுக் குளத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் வரவில்லை. மாடக்கண்ணு கையில் நெல்லோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். இருட்டியதும் அதைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு எழுந்தார். உலகம்மை பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்துவிட்டார்.

உத்திரத்தன்று விடிகாலையில் ஊரே கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. குளத்தில் சலசலப்பு அதிகமாயிற்று. வாத்துகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. இருவரும் கரைமேல் வெட்டவெளியில் வந்து நின்றார்கள்.

கூட்டம் எழும்பியது. செவந்தி கடைசியில் எழும்பினாள். கொஞ்சம் தடுமாறினாள். மாடக்கண்ணுவின் கை இரண்டும் அவரை அறியாமல் விரிந்துகொண்டன. அவள் தண்ணீரை ஒட்டியே கொஞ்ச தூரம் போய், காற்றைப் பிடித்து, மேலே ஏறினாள். கூட்டம் குளத்துக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் வந்து சேர்ந்ததும் ஒரே வரிசையாக வடக்கே திரும்பியது.

கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தார்கள். மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டா" என்றார் மாடக்கண்ணு.

"ம்."

"சேத்துக்கிட்டாங்க அம்மா."

"சேத்துக்கிட்டாங்க."

சந்தோஷந்தான். சந்தோஷமில்லை என்று யார் சொன்னது? ஆனாலும் மனுஷன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது.

"ஒரு தடவை திரும்பிப் பாக்கலையே" என்றார். "இத்தனை வருஷம் கூடவே இருந்தாளே. ஒரே ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"கூப்பிட்டிருப்பேன்."

"வந்திருப்பா" என்றார் உலகம்மை.